பாலிஷ் போட்ட பிறகுதான் பசையின் நிறம் தெரியும்

பசை டப்பாவைத் திறந்ததும் வெள்ளையாக இருக்கிறதே, ஈட்டி மரத்தில் கோடு கோடாகத் தெரியாதா என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். தெரியாது. ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசைக்குப் பால் நிறம் வருவதே தண்ணீரில் கலந்து நிற்கும் நுண்ணிய பசைத் துகள்களால்தான். தண்ணீர் வற்றியதும் பசைத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கிட்டத்தட்ட நிறமில்லாத படலமாகிவிடும். ரப்பர் மரம், பீச், மேப்பிள் போன்ற வெளிர் மரங்களுக்கு இதுவே போதும். மஞ்சள் பசை காய்ந்தால் லேசாகத் தேன் நிறம் காட்டும். தேக்கில் அது ஒரு குறையே இல்லை. டைட்பாண்ட் 3 என்ற மரப்பசை வெளிர் பழுப்பாகக் காயும் என்பதால் வால்நட், ஈட்டிக்குப் பொருந்தும். ரிசார்சினால் பசை கருஞ்சிவப்பு. படகுக்குச் சரி, வெளிர் மரத்தில் அதன் பக்கமே போக வேண்டாம். இரண்டு பாகங்களைக் கலந்து ஒட்டும் எபாக்ஸி பசை முதலில் தெளிவாக இருந்தாலும் வெயில் பட்டால் மஞ்சளாகிவிடும்.

ஆனால் இழைப்பு சுத்தமாக இருந்து மூட்டு இறுக்கமாகச் சேர்ந்துவிட்டால், நடுவில் எந்த நிறப் பசை இருந்தாலும் கண்ணுக்குப் படுவது அபூர்வம். பாலிஷ்காரர்களிடம் பேர் கெடுவது மூட்டுக்கு வெளியே வழிந்த பசையால்தான். காய்ந்த பசைக்குள் ஸ்டெயின், அதாவது மரத்துக்கு ஏற்றும் நிறச்சாயம், இறங்காது. மேசை முழுக்க வால்நட் நிறம் ஏறியிருக்கும், மூட்டு ஓரத்தில் மட்டும் விரல் தடம் மாதிரி வெளுப்பாக நிற்கும். வழிந்ததை ஈரத்துணியால் உடனே துடைப்பது பலருக்குப் பழக்கம். அதில் பசை நீர்த்துப்போய் மரத்தின் துளைகளுக்குள்தான் போகிறது. அரை மணி நேரம் போல விட்டு, ரப்பர் பதத்துக்கு வந்ததும் உளியால் சீவி எடுப்பதே என் பழக்கம். அப்புறம், ஸ்டெயின் அடிக்கும் முன் டர்பன்டைன் நனைத்த துணியால் ஒரு தரம் துடைத்துப் பாருங்கள். பசை ஒட்டிய இடம் வெளிறித் தனியாகத் தெரியும். அங்கே உப்புத்தாளால் மறுபடி தேய்க்கலாம்.

இன்னொரு பழி பசை மேல் வீணாக விழும். ஓக் மாதிரி டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகமுள்ள மரத்தில், ஒட்டிய பலகைகளைப் பிடித்து இறுக்கும் இரும்புக் கிளாம்பை நேராக வைத்து இறுக்கினால், ஈரப்பசை பட்ட இடத்தில் நீலக் கறுப்புக் கறை பிடிக்கும். டானினும் இரும்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. பசை ஈரம் கொடுத்ததோடு சரி. கிளாம்புக்கும் பலகைக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்தால் கறை வராது.

இடைவெளியை அடைக்க மரத்தூளையும் வெள்ளைப் பசையையும் குழைத்துத் திணிப்பது எல்லாப் பட்டறையிலும் உண்டு. அதே மரத்தின் தூள்தானே, நிறம் சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கை. சேராது. பெரும்பாலும் மரத்தைவிடக் கறுத்துத்தான் காயும், ஸ்டெயினையும் ஏற்காது. ஆணித் துளைக்குச் சமாளிக்கலாம். நீளமான பிளவு என்றால் அதே பலகையிலிருந்து மெல்லிய சீவல் வெட்டி ஒட்டுங்கள்.

எந்தப் பசை என்று முடிவெடுக்க, வேலைக்கு வாங்கிய மரத்திலேயே இரண்டு கழிவுத் துண்டுகளை ஒட்டி, காய்ந்ததும் இழைத்து, கடைசியில் போடப்போகிற அதே பாலிஷைப் போட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பாலிஷ் போடாத துண்டை வைத்து நிறம் பேசுவது வீண்.