மஞ்சள் சீட்டு ஒட்டினால் ஒர்க்‌ஷாப் ஆகிவிடாது

போன வாரமும் அதே கதை. ஒரு மருத்துவமனையின் டோக்கன் முறையைப் புதிதாக வடிவமைக்க ஒர்க்‌ஷாப், அதாவது எல்லோரும் கூடி யோசித்துத் திட்டமிடும் கூட்டம், நடத்தித் தர வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். ஏசி அறையில் பதினெட்டுப் பேர், அத்தனை பேரும் மேலாளர்கள். கீழ்த்தளத்தில் டோக்கன் கிழித்துக் கொடுக்கும் அம்மாவைக் கூப்பிடவில்லையா என்று கேட்டேன். "அவங்க இங்க வந்தா கவுண்டரை யார் சார் பார்ப்பாங்க?" என்றார்கள்.

பிடிவாதம் பிடித்து, மதியம் அரை மணி நேரம் அவரை வரவழைத்தேன். டோக்கனை மெசேஜில் அனுப்பும் யோசனைக்காக அட்டையில் வரைந்திருந்த மொபைல் திரையைக் கையில் கொடுத்தோம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இங்க வர்ற பெரியவங்க நிறைய பேர் பொண்ணு நம்பரைத்தான் சொல்லுவாங்க. மெசேஜ் அதுக்குப் போயிடும், அது வேலைக்குப் போயிருக்கும். பெஞ்சுல உக்காந்திருக்கிறவருக்கு எப்படிங்க தெரியும்?" காலையிலிருந்து யோசனைகளை எழுதிச் சுவரில் ஒட்டிய மஞ்சள் சீட்டு எதிலும் இது இல்லை.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினாலே ஐடியா கொட்டும் என்ற நம்பிக்கை. பிரெயின்ஸ்டார்மிங்கை, அதாவது இப்படிக் கூடி யோசனைகளைக் கொட்டும் முறையை, பரப்பிய விளம்பரத்துறைக்காரர் அலெக்ஸ் ஆஸ்பர்ன், குழுவில் ஒருவருக்கு இரண்டு மடங்கு யோசனை வரும் என்றார். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது நேர்மாறாக இருந்தது. தனித்தனியாக யோசித்த நான்கு பேரின் பட்டியலைச் சேர்த்து, ஒன்றையே இருவர் சொன்னதைக் கழித்த பிறகும், கூடிப் பேசிய நால்வரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்தது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கிறார், காத்திருக்கும்போது மறந்துபோகிறார். மேலதிகாரி முதலில் வாயைத் திறந்துவிட்டால் மீதிப் பேர் அதற்கே தலையாட்டுவார்கள். ஆகவே முதல் பத்து நிமிடம் யாரும் பேச வேண்டாம், எழுதுங்கள். மேலதிகாரி கடைசியில் பேசட்டும்.

வேலை செய்கிறவர்களையே கூப்பிட்டு உட்கார வைப்பதும் புதிதல்ல. 1981இல் ஸ்காண்டிநேவியாவில் தொடங்கிய உடோப்பியா திட்டத்தில், பத்திரிகை அச்சுத் தொழிலாளர்கள் ஆய்வாளர்களோடு உட்கார்ந்து தங்கள் கணினிக் கருவிகளைத் திட்டமிட்டார்கள். வெறும் அட்டைப்பெட்டியில் 'லேசர் பிரின்டர்' என்று எழுதி வைத்து, அதைச் சுற்றி வேலை செய்து பார்த்தார்கள். அட்டை என்பதால் பிடிக்காததைக் கிழித்துப் போட யாருக்கும் கை கூசாது. முதல் நாளே பளபளப்பான திரையைக் காட்டாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான்.

தினக்கூலிக்காரரைக் கூப்பிட்டால் அன்றைய கூலியைக் கொடுங்கள். முடிவெடுத்துவிட்டு ஒப்புக்கு ஒர்க்‌ஷாப் வைக்காதீர்கள். வந்தவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும், அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்கள். கவுண்டரில் அரை நாளைக்கு மாற்று ஆள் போடுங்கள், தயவுசெய்து. அந்த அம்மா காலையிலேயே வரட்டும்.