பீச் ஸ்டேஷன்ல பீச் எங்க போச்சு?

போன ஜூலை மாசம் அக்கா பையனைக் கூட்டிக்கிட்டு தாம்பரத்துலேர்ந்து லோக்கல் ட்ரெயின்ல வந்தேன். கடைசி ஸ்டேஷன்ல இறங்கி வெளிய வந்ததும் சுத்திமுத்தி பாத்துட்டு "மாமா, பீச் ஸ்டேஷன்னு போட்டிருக்கு, பீச் எங்க?"ன்னு கேட்டான். எட்டு வயசு. எதிர்ல பர்மா பஜார் கடைங்க, லாரி, அதுக்கு அந்தப் பக்கம் துறைமுகத்து மதில். "இங்கதான்டா இருந்துச்சு"ன்னேன். "அப்ப எங்க போச்சு?"ன்னான். அவனுக்கு அன்னிக்கு சொன்ன பதிலை கொஞ்சம் நீட்டி இங்க எழுதறேன்.

ராஜாஜி சாலையோட பழைய பேரே ஃபர்ஸ்ட் லைன் பீச்தான். அதுக்குப் பின்னாடி செகண்ட் லைன் பீச், அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், சாப்பிடப் போறவங்க இன்னிக்கும் அந்தப் பேரைத்தான் சொல்றாங்க. கடலைப் பாத்து நின்ன முதல் வரிசை கட்டடம், ரெண்டாவது வரிசை கட்டடம், அவ்ளோதான் பேரோட அர்த்தம். 1639ல இடம் கிடைச்சு கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்டினப்போ அலை கோட்டைக்குப் பக்கத்துலயே அடிச்சுட்டு இருந்துச்சு. துறைமுகம்னு ஒண்ணும் கிடையாது. கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும், ஆளும் சரக்கும் மசூலா படகுல கரைக்கு வரணும். அந்தப் படகுல ஒரு ஆணி கூட இருக்காது, பலகையை கயித்தால தைச்சது, அதனால அலை தூக்கி மணல்ல போட்டாலும் வளைஞ்சு குடுக்கும், உடையாது. அதை ஓட்டினவங்க குடியிருந்த இடம் ராயபுரம். அங்க இருக்கற ராயப்பர் கோயிலை, அதாவது செயின்ட் பீட்டர்ஸ் சர்ச்சை, 1820கள்ல அந்தப் படகுக்காரங்கதான் கட்டினாங்க. ஊரு பேரும் அந்த ராயப்பர் பேருல வந்ததுதான்னு சொல்வாங்க.

1860கள்ல கடலுக்குள்ள இரும்புத் தூண் நட்டு ஒரு நீள பாலம் போட்டாங்க, புயல்ல அடி வாங்குச்சு. 1876ல கடலுக்குள்ள ரெண்டு கை நீட்டின மாதிரி கல் சுவர் கட்ட ஆரம்பிச்சாங்க. முடியப்போற நேரத்துல 1881 நவம்பர் புயல் வந்து அதையும் அடிச்சுட்டுப் போச்சு. விடாம திரும்பக் கட்டி 1890கள்ல முடிச்சாங்க. கதையே இனிமேதான் இருக்கு, ஏன்னா அந்த சுவரு கப்பலுக்கு மட்டும் குறுக்க நிக்கல, ஒரு ஆத்துக்கும் குறுக்க நின்னுச்சு. தண்ணி ஆறு இல்ல, மணல் ஆறு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான், கொஞ்சம் நின்னு சொல்றேன். நம்ம கரை கிட்டத்தட்ட நேரா தெக்கு வடக்கா ஓடுது. மார்ச்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் அலை தெக்குலேர்ந்து சாய்வா வருது. அதுல ஒரு பங்கு எங்கயோ அன்டார்டிகாவை சுத்தி இருக்கற கடல்ல அடிச்ச புயல்ல பொறந்து, பல ஆயிரம் கிலோமீட்டர் நடந்து வந்து மெரினால நம்ம கால்ல முடியற அலை, நினைச்சாலே எனக்கு சிலிர்க்கும். சாய்வா வர்ற அலை கரைகிட்ட வரும்போது என்ன ஆகும்? ஆழம் கம்மியானா அலையோட வேகமும் கம்மியாகும். அலையோட ஒரு முனை முதல்ல ஆழமில்லாத இடத்துக்கு வந்து மெதுவாகும், இன்னொரு முனை இன்னும் ஆழத்துல வேகமா வந்துட்டிருக்கும். மயிலாப்பூர்ல தேர் திரும்பறதைப் பாத்திருக்கீங்களா? உள்பக்க சக்கரத்துக்கு கட்டை போட்டு இழுத்துப் பிடிச்சுட்டு வெளிப்பக்கத்தை ஓட விடுவாங்க, தேர் தானா திரும்பும். அலையும் அதே மாதிரி கரையைப் பாத்துத் திரும்புது. ஆனா முழுசா திரும்பி முடிக்கறதுக்குள்ள கரை வந்துடுது. அதனால கடைசில ஒரு சின்ன சாய்வு மிச்சம் இருக்கும், கண்ணுக்கு சரியாக்கூட தெரியாது. எல்லாத்தையும் பண்றது அந்த மிச்ச சாய்வுதான்.

அலை உடையும்போது மணலைக் கலக்கி, அந்த சாய்விலயே கரை மேல ஏத்தும், அதாவது கொஞ்சம் வடக்க தள்ளி. திரும்பி இறங்கும்போது தண்ணிக்கு சாய்வு கிடையாது, சரிவு எப்படியோ அப்படி நேரா இறங்கும். ஒரு மணலை மட்டும் கண்ணால தொடர முடிஞ்சா ரம்பத்துப் பல்லு மாதிரி ஏறி இறங்கி ஏறி இறங்கி வடக்க போயிட்டே இருக்கறதைப் பாக்கலாம். அதோட அலை உடையற இடத்துல கரையை ஒட்டியே ஒரு நீரோட்டமும் வடக்க போகும், அதுவும் மணலைத் தள்ளிட்டுப் போகும். முழங்கால் அளவு தண்ணில கொஞ்ச நேரம் நின்னுட்டு திரும்பிப் பாருங்க, செருப்பு விட்ட இடம் உங்களுக்குத் தெக்க இருக்கும், செருப்பு நகரல, நீங்கதான் நகந்திருக்கீங்க. நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் வடகிழக்குக் காத்துல எல்லாம் தலைகீழா மணல் தெக்க போகும், ஆனா வருஷக் கணக்கைக் கூட்டிக் கழிச்சா வடக்க போறதுதான் ஜாஸ்தி. வருஷத்துக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல். டிப்பர் லாரிக்கு பத்து கன மீட்டர்னு வச்சாக்கூட பல பத்தாயிரம் லோடு, டீசல் இல்லாம டிரைவர் இல்லாம.

இப்ப அதுக்குக் குறுக்க ஒரு சுவர் வைங்க. தெக்குப் பக்கம் மணல் வந்து தேங்கும், அணைல தண்ணி தேங்கற மாதிரி. தேங்கத் தேங்க கரைக்கோடே மெதுவா திரும்பி அலையை நேருக்கு நேர் பாக்க ஆரம்பிக்கும், அலைக்கு சாய்வு போயிடும், மணலும் அங்கயே தங்கிடும். நம்ம மெரினா அப்படி வந்த கரைதான். இன்னிக்கு சராசரியா 300 மீட்டர் அகலம், சில இடத்துல 400க்கு மேல. 1842ல பாஸ்டன்லேர்ந்து கப்பல்ல வந்த ஐஸ் கட்டியை வைக்க ஐஸ் ஹவுஸ் கட்டினப்போ கடல் ரொம்பக் கிட்ட இருந்துச்சு. இப்ப அந்த வாசல்லேர்ந்து அலையைத் தொடறதுக்குள்ள சுண்டல் பொட்டலம் காலியாயிடும். அதே மணல்தான் கூவம் வாயையும் அடைச்சுட்டு இருக்கு.

வடக்குப் பக்கம் நடந்தது வேற. அலை ஒரு இடத்துலேர்ந்து மணலை எடுக்குதுன்னா அதுக்குத் தெக்க இருக்கற இடத்துலேர்ந்து அங்க மணல் வந்து சேரும், எடுக்கறதும் போடறதும் சரியாப் போகும், அதனாலதான் கரை நிக்குது. சுவருக்கு வடக்க வர்ற அலைக்கு பலம் அப்படியே இருக்கு, சுமந்துட்டு வர மணல்தான் இல்ல, வரவு நின்னு போச்சு. பசியோட வர்ற அலை அது. ராயபுரம் கரையைத் தின்ன ஆரம்பிச்சுச்சு. காலப்போக்குல கரை பல நூறு மீட்டர் உள்ள வந்துச்சு, படகு ஏத்தி வச்ச மணலும் வலை காயப்போட்ட இடமும் குப்பத்து வீடுகளும் போச்சு. கருங்கல்லைக் கொட்டி நிறுத்தினாங்க, கல்லு போட்ட இடம் நின்னுச்சு, அலையோட பசி மட்டும் தீரல, அடுத்த ஊருக்குப் போச்சு, காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்னு வரிசையா. இன்னிக்கு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல போனா கடலுக்கும் நமக்கும் நடுவுல கல்லுதான் இருக்கு.

துறைமுகத்தையும் மணல் விடல. முதல்ல வாசல் கிழக்கப் பாத்து இருந்துச்சு, அதுல மணல் அடைக்க ஆரம்பிச்சதால 1904ல துறைமுகத் தலைவரா வந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாசலை மூடி வடகிழக்குல புதுசா ஒண்ணு திறக்க வச்சாரு. உள்ள கடலை நிரப்பி நிலமாக்கி ஷெட்டும் தண்டவாளமும் போட்டாங்க. ஃபர்ஸ்ட் லைன் பீச்சுக்கு எதிர்ல கடல் காணாமப்போனது அப்படித்தான். 1931ல தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட்டப்போ ஸ்டேஷனுக்கு பீச்னு பேரு மட்டும் மிஞ்சியிருந்துச்சு.

அதுக்கப்புறம் நடந்த மாத்தம் எல்லாருக்கும் தெரிஞ்சது, வேகமா சொல்லிடறேன். பர்மாலேர்ந்து திரும்பி வந்தவங்க 1960களோட கடைசில ராஜாஜி சாலை ஓரம் கடை போட்டாங்க. 1983ல கன்டெய்னர் முனையம் வந்துச்சு, நாட்டுல முதல்ல இங்கதான். முதுகுல மூட்டை சுமந்தவங்க வேலையை கிரேன் எடுத்துக்கிச்சு, தம்புச் செட்டித் தெரு லிங்கிச் செட்டித் தெரு கிடங்குகளோட தேவையும் குறைஞ்சு போச்சு, பெட்டியைத் திறக்கற இடம் ஊருக்கு வெளிய போயிடுச்சு. நிலக்கரி இறக்கின காலத்துல ராயபுரத்துல வெள்ளைத் துணி காயப்போட முடியாது, சாயங்காலம் எடுக்கும்போது சாம்பல் நிறமா இருக்கும். 2011ல கோர்ட் உத்தரவால அது எண்ணூருக்குப் போச்சு. அதாவது ராயபுரத்துக்கு மூச்சு விட முடிஞ்சது, தூசி வடக்க போச்சு. மணல் மாதிரியே இதுவும் வடக்கதான்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. கரை போகும்போதெல்லாம் கடலம்மா கோவம்னு சொல்றவங்க இருக்காங்க. மீனவக் குடும்பத்துல ஒரு பாட்டி அப்படி சொன்னா அதுல அவங்க நம்பிக்கையும் வலியும் இருக்கு, அதுக்கு நான் தலை வணங்குவேன். ஆனா நிர்வாகத்துல இருக்கறவங்க இதையே இயற்கைச் சீற்றம்னு ஃபைல்ல எழுதும்போது ஒத்துக்கவே முடியல. எந்தச் சுவர், எந்த வருஷம் கட்டினது, எந்தப் பக்கம் எவ்ளோ மணல் சேந்துச்சுன்னு கணக்குப் போட முடியற விஷயம் இது. ஆஸ்திரேலியால ட்வீட் ஆத்து முகத்துல 2001லேர்ந்து சுவருக்குத் தெக்க சேர்ற மணலை பம்ப் பண்ணி வடக்க அனுப்பறாங்க, வருஷத்துக்குச் சுமார் அஞ்சு லட்சம் கன மீட்டர். அவ்ளோ தூரம் போக வேண்டாம், புதுச்சேரில துறைமுகச் சுவரால போன பீச்சுக்காக நம்ம சென்னை விஞ்ஞானிங்க, என்ஐஓடிங்கற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்காரங்க, தண்ணிக்கடியில ஒரு திட்டு வச்சாங்க, காந்தி சிலை கிட்ட மணல் திரும்ப வந்துச்சு. கல்லு கொட்ட ஒவ்வொரு புயலுக்கும் பணம் வருது. வருஷம் முழுக்க அலையையும் மணலையும் அளக்கற வேலைக்குத்தான் முதல்ல பணம் வரணும், அளக்காம கொட்டற ஒவ்வொரு கல்லும் பக்கத்து ஊரு வாசல்ல போய் விடியுது.

அன்னிக்கு சாயங்காலம் அவனை மெரினாவுக்குக் கூட்டிட்டுப் போனேன். அலை உடையற இடத்துல ஒரு தேங்காய்ச் சிரட்டையைப் போட்டுட்டு ரெண்டு பேரும் கரையிலயே கூட நடந்தோம். அலை உள்ள இழுக்கும், வெளிய தள்ளும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வடக்க. நாலு பஜ்ஜிக் கடையைத் தாண்டிடுச்சு. தூரத்துல ஹார்பர் கிரேன் தெரிஞ்சுது. அவன் சிரட்டையைப் பாத்தான், கிரேனைப் பாத்தான். "இது ராயபுரம் போகாதுல்ல மாமா?"ன்னான்.