பத்தடி தூரத்துக்கு எத்தனை இன்ச் டிவி?

“சோபாவுக்கும் டிவி மாட்டும் சுவருக்கும் பத்தடி. 43 இன்ச் போதுமா, 55 வாங்கலாமா? கடைக்காரர் 4கே இல்லாமல் வாங்கவே கூடாது என்கிறார்” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தீபாவளித் தள்ளுபடி நெருங்கினால் வருகிற கேள்விதான். இதற்குக் கண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

விழித்திரையின் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. இந்த வரியை நீங்கள் படிப்பது அதை வைத்துத்தான். மற்ற இடங்களில் ஒளி, நரம்பு அடுக்குகளையும் ரத்தக் குழாய்களையும் ஊடுருவித்தான் உணர்செல்களை அடைய வேண்டும். இங்கே மட்டும் அவையெல்லாம் ஓரமாக ஒதுங்கி வழிவிடுகின்றன. இரவுப் பார்வைக்கான குச்சி செல்களுக்கும் இங்கே இடமில்லை. பகல் வெளிச்சத்தில் பார்க்க உதவும் கூம்பு செல்கள் மட்டும் மெலிந்து, தேன்கூட்டு அறைகளைப் போல நெருக்கியடித்து நிற்கின்றன. ஒன்றின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் சுமார் 2.5 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

இரண்டு வெளிச்சப் புள்ளிகள் இரண்டாகத் தெரிய வேண்டுமானால், ஒளி படும் இரு கூம்புகளுக்கு நடுவே ஒளி படாத கூம்பு ஒன்றாவது இருக்க வேண்டும். ஆக, புள்ளிகளின் பிம்பங்களுக்கு இடையே 5 மைக்ரான் தேவை. கண்ணின் அளவை வைத்துக் கணக்கிட்டால், அது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. டச்சு கண் மருத்துவர் ஸ்னெல்லன் 1862-ல் தன் எழுத்து அட்டையை அமைத்ததும் இதே கோணத்தில்தான். இயல்பான பார்வைக்கான 6/6 வரி எழுத்துகளின் கோட்டுத் தடிமன், ஆறு மீட்டரிலிருந்து பார்த்தால் சரியாக அவ்வளவு. கூம்புகளின் நெருக்கமும் மருத்துவரின் அட்டையும் இப்படி ஒத்துப்போவது எனக்கு இன்றும் அலுக்காத ஆச்சரியம்.

பத்தடி தூரத்தில் இந்தக் கோணம் கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர். அதைவிட நெருங்கிய புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடும்.

இப்போது உங்கள் செட்டாப் பாக்ஸைப் பாருங்கள். சாதாரண எஸ்டி சேனலில் படம் மேலிருந்து கீழாக 576 வரிகளால் ஆனது. 43 இன்ச் திரையில் ஒரு வரி 0.93 மி.மீ., கண்ணின் எல்லையை ஒட்டி நிற்கிறது. 55 இன்ச்சில் 1.19 ஆகிவிடுவதால் படம் மங்கலாகத் தெரியும். புது டிவியைத் திட்டிப் பயனில்லை. எச்டி சேனலுக்கு 1080 வரிகள் என்பதால் பத்தடியிலிருந்து 75 இன்ச் வரை தாங்கும்.

எச்டி டிவியின் அடித்தளம் ஜப்பானில், 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே தொடங்கிய ஆராய்ச்சி. விற்கப் பொருளே இல்லாத காலத்தில், மனிதர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கே ஆண்டுக்கணக்கில் செலவழித்தார்கள். திரையின் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் உட்கார வேண்டும், திரை கண்ணுக்கு 30 டிகிரி அகலத்துக்கு விரிய வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். உடனடி லாபம் கேட்காத இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு நம் ஊரில் யார் பணம் தருவார்கள்?

4கே விஷயம்? எச்டியைப் போல இரு மடங்கு, அதாவது 2160 வரிகள் கொண்டது 4கே; 8கே அதற்கும் இரு மடங்கு. 55 இன்ச்சில் அதன் கூடுதல் நுணுக்கம் தெரிய ஏழடிக்குள் வர வேண்டும். 65 இன்ச் 8கே என்றால் நாலடிக்குள்! மிகக் கூர்மையான இளம் கண்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு, இன்னும் சற்றுத் தள்ளியிருந்தும் தெரியும். நிறமும் வெளிச்சமும் நன்றாக இருக்கிறதென்று வாங்கினால் அது வேறு கணக்கு.

‘கிட்டே உட்காராதே, கண் கெட்டுவிடும்’ என்பதையும் விட்டுவிடலாம். 1967-ல் அமெரிக்காவில் சில கலர் டிவிகள் அளவுக்கு மீறி எக்ஸ்-ரே கசியவிட்டது உண்மை. இன்றைய தட்டைத் திரையில் அதற்கு வழியே இல்லை. குழந்தை எப்போதும் டிவியை ஒட்டியே உட்கார்ந்தால், ஏற்கெனவே கிட்டப்பார்வை இருக்கலாம், கண்ணைப் பரிசோதியுங்கள்.

வாசகருக்கு என் பதில்: எஸ்டி கேபிள்தான் என்றால் 43. எச்டி, ஓடிடி என்றால் தயங்காமல் 55. வாங்கும் முன் 122 செ.மீ. அகலம், 69 செ.மீ. உயரத்துக்குச் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டிவைத்து, சோபாவிலிருந்து ஒரு நாள் பாருங்கள்.