லூத்தியர்: கிட்டார் செய்யும் கைக்கு ஒரு பெயர்

அரிய மின் கிட்டார்கள் விற்பனைக்கு வரும்போது அவற்றின் விவரக் குறிப்பில் ‘லூத்தியர்’ என்ற சொல் பெரும்பாலும் இடம்பெறும். தமிழில் இதைக் ‘கிட்டார் தயாரிப்பாளர்’ என்று எழுதிவிடுகிறோம். தயாரிப்பாளர் என்பது நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் ஆலைக்கும் பொருந்தும். பட்டறையில் தனியாக நின்று கருவியின் கழுத்தைச் சீவுகிற ஒருவருக்கும் பொருந்தும். லூத்தியர் என்பதோ இரண்டாமவருக்கு உரிய பெயர். கருவியின் மதிப்பே இந்த வேறுபாட்டைச் சார்ந்திருப்பதால், மொழிபெயர்ப்பில் அது கரைந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. ‘லூத்’ என்பது பிளந்த பேரிக்காய் போன்ற வயிறு கொண்ட பழைய நரம்புக் கருவி. அதைச் செய்பவர் லூத்தியர். லூத் என்ற பெயரோ ‘அல் ஊத்’ என்ற அரபுப் பெயரின் திரிபு. அரபியில் ‘ஊத்’ என்றால் மரம். ‘அல்’ என்பது பெயர்ச்சொல்லின் முன் வரும் அடை. ஐரோப்பியர் அந்த அடையில் இருந்த லகரத்தையும் பெயரோடு சேர்த்து எடுத்துக்கொண்டனர். பிற்காலத்தில் லூத் வழக்கொழிந்தபோதும் தொழிற்பெயர் நிலைத்து, வயலின் செய்பவரையும் கிட்டார் செய்பவரையும் குறிக்கும் அளவுக்கு விரிந்தது. ஸ்பானிய மொழியில் கிட்டார் செய்பவருக்கு ‘கிதார்ரெரோ’ என்று தனிப்பெயரே உண்டு.

மின் கிட்டாருக்கு இப்பெயர் எவ்வளவு பொருந்தும்? 1950களில் கட்டையுடல் மின் கிட்டாரை, அதாவது உள்ளே குடைவில்லாத கெட்டி மர உடல் கொண்டதைப், பரவச் செய்த லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் வானொலி பழுதுபார்ப்பவர். கழுத்தைத் திருகாணியால் உடலோடு இணைத்து, தொகுதி தொகுதியாகச் செய்யும் முறையை வகுத்தவர். அவருடைய நிறுவனம் 1965இல் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்கு மாறுவதற்கு முன் வெளிவந்த கருவிகளுக்கு இன்று பெருவிலை உண்டு என்றாலும், அந்த மதிப்பு ஆண்டையும் மாதிரியையும் சார்ந்தது. அதற்கு உரிய சொல் ‘விண்டேஜ்’, அதாவது மதிப்புமிக்க பழமை. அதே கலிஃபோர்னியாவில் 1948இல் மெர்ல் டிராவிஸ் என்ற கலைஞருக்காகக் கட்டையுடல் கிட்டார் ஒன்றைச் செய்துகொடுத்த பால் பிக்ஸ்பியின் கதை வேறு. அவர் மிகச் சிலவற்றையே செய்தார். அவற்றைத் தேடுவோர் முதலில் கேட்பது செய்தவர் பெயரைத்தான்.

ஒருவர் கையால் ஆன கருவிகளின் எண்ணிக்கை அவர் வாழ்நாளோடு முடிந்துவிடுகிறது. நியூயார்க்கில் வளைமுகப்புக் கிட்டார்கள் செய்த ஜான் டி ஆஞ்சலிகோ, 1964இல் இறக்கும்வரை 1,164 கருவிகளுக்கு எண்ணிட்டுப் பதிவேட்டில் குறித்துவைத்தார். அந்தப் பதிவேடு இருப்பதால் ஒரு கருவி உண்மையில் அவருடையதுதானா என்று சரிபார்க்க வழியிருக்கிறது. லண்டனின் டோனி செமெய்ட்டிஸ் மின் இரைச்சலைக் குறைக்கவென்று கிட்டார் முகப்பில் உலோகத் தகடு பதித்தார். துப்பாக்கிகளில் சித்திரம் பொறித்துப் பழகிய டேனி ஓ பிரையன் அத்தகடுகளில் வேலைப்பாடு செய்தார். இரைச்சலுக்கான மருந்து இவ்வாறு அழகாகவும் ஆனது. 2002இல் செமெய்ட்டிஸ் மறைந்த பின் அவர் கைப்படச் செய்தவை இனி வரப்போவதில்லை.

சேகரிப்போர் பெரிதும் வலியுறுத்தும் ஒரு நெறி, கருவியில் எதையும் மாற்றியிருக்கக் கூடாது என்பது. மறுபூச்சு பூசினாலோ, கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் ‘பிக்கப்’ என்ற கம்பிச் சுருளை மாற்றினாலோ ஆலைக் கிட்டாரின் விலை வெகுவாக இறங்கும். ஆனால் லூத்தியர் டக் இர்வின் 1973இல் ‘கிரேட்ஃபுல் டெட்’ என்ற ராக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியாவுக்குச் செய்துகொடுத்த ‘உல்ஃப்’ (ஓநாய்) கிட்டாரைப் பாருங்கள். அதில் கார்சியா ஒட்டிவைத்திருந்த ஓநாய்ப் படத்தை, பின்னொரு நாள் பழுதுபார்க்கையில் இர்வினே மரத்தில் பதிப்பு வேலையாக இழைத்துவிட்டார். அந்த மாற்றத்தால் கருவியின் மதிப்பு குறையவில்லை. அதன் பெயரே அதில்தான் நிலைபெற்றது. 2002 ஏலத்தில் 7,89,500 டாலருக்கும் 2017இல் 19 லட்சம் டாலருக்கும் அது விலைபோனதில் கார்சியாவின் புகழுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. எனினும் பிறர் கைபட்டால் குறையாகவும், செய்தவர் கைபட்டால் வரலாறாகவும் கொள்ளப்படும் இந்த வழக்கம், லூத்தியர் என்ற சொல்லின் உட்பொருளை நன்றாகக் காட்டுகிறது.

இனித் தமிழ் நிகர். ‘இசைக்கருவித் தச்சர்’ என்று சிலர் சொல்லலாம். ஆனால் தச்சு மரத்தோடு நின்றுவிடுகிறது. மின் கிட்டார் செய்பவர் மரத்தை இணைக்கிறார், முத்துச்சிப்பியை இழைக்கிறார், உலோகத்தை வளைக்கிறார், கம்பிச் சுருளையும் சுற்றுகிறார். இத்தனையையும் தாங்கும் சொல் ‘கம்மியர்’ என்பதே என் கருத்து. நெடுநல்வாடையில் ‘கைவல் கம்மியன்’ அரண்மனைக் கதவின் மரங்களை இடைவெளி தோன்றாமல் முடுக்கி இணைக்கிறான். நற்றிணையின் 94ஆம் பாட்டிலோ அதே தொடர் முத்தைக் கழுவி அழகேற்றுபவனைக் குறிக்கிறது. கழுத்து உடலோடு சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் கிட்டாரின் ஒலி நீடிப்பு பாதிக்கப்படும் என்று கருதும் லூத்தியருக்கு, ‘புரை தீர்ந்து’ (இடைவெளி நீங்கி) என்னும் நெடுநல்வாடைச் சொல் சாலப் பொருந்தும்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகனப் பழுதுபார்ப்பவரைக் கம்மியர் என்பதால் குழப்பம் வரும் என்ற ஆட்சேபம் நியாயமானது. ‘நரம்பிசைக் கம்மியர்’ என்று அடைகொடுத்து எழுதினால் அது தீரும். கிட்டார் மட்டும் செய்பவரைக் ‘கிட்டார்க் கம்மியர்’ எனலாம். ‘லூத்தரி’ எனப்படும் அவர்தம் தொழிலுக்கு ‘நரம்பிசைக் கம்மியம்’ என்பது இயல்பாகவே அமைந்துவிடுகிறது.