பைபாஸ் ஆபரேஷனில் பெண்களுக்கு ஆபத்து ஏன் கூடுகிறது?

அமெரிக்காவில் 2011 முதல் 2020 வரை பைபாஸ் செய்துகொண்ட சுமார் 13 லட்சம் பேரின் பதிவுகளை அலசியதில், ஆபரேஷனையொட்டி இறந்தவர்கள் ஆண்களில் 1.7 சதவீதம், பெண்களில் 2.8 சதவீதம். அந்தப் பத்தாண்டுகளில் இந்த இடைவெளி குறிப்பிடும்படி குறையவில்லை.

பெண்கள் வயது கூடிய பிறகு, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்த நிலையில் வருகிறார்கள் என்பது வழக்கமான விளக்கம். உண்மைதான். இதயநோயின் அறிகுறிகளான மூச்சிரைப்பு, தாடை வலி, அசதி எல்லாம் வாயுத்தொல்லை கணக்கில் போய்விடுவதால் வருவது தாமதமாகிறது. ஆனால் வயதையும் நோய்களையும் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் மிச்சம் நிற்கிறது. அதில் கணிசமான பங்கு ரத்தசோகைக்கு உண்டு.

இதயத்தை நிறுத்திச் செய்யும் பைபாஸில் இதயம், நுரையீரலின் வேலையைத் தற்காலிகமாகச் செய்யும் ஹார்ட்-லங் மெஷினின் குழாய்களை முதலில் திரவத்தால் நிரப்புவார்கள். அது 1.4 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 75 கிலோ ஆணுக்கு ரத்தம் 5.25 லிட்டர், அதில் சிவப்பணுக்கள் 42 சதவீதம் என்றால், கலந்தபின் 33 ஆகும். 50 கிலோ பெண்ணுக்கு ரத்தம் 3.25 லிட்டர்தான், ஹீமோகுளோபின் 11, சிவப்பணுக்கள் 33 சதவீதம் என்றால், கலந்ததும் 23-க்கு இறங்கிவிடும். ரத்த இழப்பும் சேர்ந்தால் இன்னும் கீழே. சிறுநீரகமும் மூளையும் ஆக்சிஜனுக்குத் திணறுவது இந்த இடத்தில்தான். ரத்தம் ஏற்றலாம், ஆனால் அதற்கும் தனி ஆபத்துகள் உண்டு.

எனவே அவசரமில்லாத ஆபரேஷன் என்றால், தேதி குறிக்கும்போதே ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு 12 இருந்தால் 'நார்மல்' என்று ரிப்போர்ட் சொல்லும். மெஷினுக்கு அந்த நார்மல் தெரியாது. இரும்புச்சத்து குறைவென்றால் சில வாரங்கள் முன்பே ஊசி வழியாக ஏற்றிச் சரிசெய்ய முடியும். சின்ன ஆக்சிஜனேட்டர் (ரத்தத்தில் ஆக்சிஜன் சேர்க்கும் பகுதி), நீளம் குறைந்த குழாய்கள், நோயாளியின் சொந்த ரத்தத்தாலேயே குழாயை நிரப்பும் முறை ஆகியவை மெஷின் பக்கத்துத் தீர்வுகள்.

அடுத்தது கிராஃப்ட், அதாவது அடைப்பைத் தாண்டி ரத்தம் போக ஒட்டும் மாற்றுக் குழாய். பெண்களின் இதயத் தமனிகள் குறுகலானவை, 1.5 மி.மீ. குழாயில் தலைமுடியைவிட மெல்லிய நூலால் தையல் போட வேண்டும். நெஞ்சின் உட்புறத் தமனியை எடுத்து ஒட்டினால் பத்தாண்டு கழித்தும் பெரும்பாலும் திறந்திருக்கும். காலிலிருந்து எடுக்கும் சிரையில் ஏறக்குறைய பாதி அதற்குள் அடைபட்டுவிடும். அப்படியிருந்தும் தமனி கிராஃப்ட் பெண்களுக்குக் குறைவாகவே பயன்படுகிறது. எனக்கு எந்தக் குழாய், ஏன் அது என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

பிறகு நெஞ்சுத் தையல். மார்பகத்தின் கனம் காயத்தின் கீழ்முனையை இருபுறமும் இழுக்கும். மடிப்பில் வியர்வை தேங்கும். கம்பியில்லாத, முன்பக்கம் திறக்கும் உள்ளாடையைப் படுக்கும்போதும் போடுவது நல்லது. சீழ், காய்ச்சல், ஆபரேஷனுக்காக வெட்டி இணைத்த நெஞ்செலும்பு இருமும்போது 'கடக்' என்று நகரும் உணர்வு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே காட்ட வேண்டும்.

எலும்பு கூட 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்பார்கள். டிஸ்சார்ஜ் தாளில் ஆபீஸ், கார் ஓட்டுவது பற்றியெல்லாம் இருக்கும். நிரம்பிய வாளி, ஈரத்துணி, இடுப்பில் ஏறும் குழந்தை பற்றி இருக்காது. 10 லிட்டர் தண்ணீர் 10 கிலோ.