லாயத்தில் முதலில் பார்க்க வேண்டியது லத்தி

எக்லிப்ஸ் என்ற பந்தயக் குதிரை 1764-இல் இங்கிலாந்தில், சூரிய கிரகணத்தன்று பிறந்தது. பெயரும் அதனால்தான். ஓடிய 18 பந்தயங்களில் ஒன்றில்கூடத் தோற்றதில்லை. 1789-இல் அது இறந்தபோது சார்ல்ஸ் வியால் தெ சேன்பெல் என்ற பிரெஞ்சு கால்நடை மருத்துவர் உடலை அறுத்து ஆராய்ந்தார். இதயம் 14 பவுண்டு, அதாவது 6 கிலோவுக்கும் மேல் இருந்ததாகச் சொல்கிறார்கள். அந்த இதயத்தின் புகழ் இன்றும் ஓயவில்லை. ஆனால் எக்லிப்ஸைக் கொன்றது வயிற்று வலி.

குதிரை என்றதும் நம் கண் கால்களுக்கும் பிடரி மயிருக்கும் போகிறது. லாயத்தில் பழகியவர்கள் காலையில் கதவைத் திறந்ததும் தரையைத்தான் பார்ப்பார்கள். நலமாக இருக்கும் குதிரை ஒரு நாளில் 8 முதல் 12 முறை லத்தி போடும். உருண்டை உருண்டையாக, ஈரப்பசையோடு, விழுந்ததும் லேசாக உடையும் பதத்தில் அது இருக்க வேண்டும். உருண்டைகள் சிறுத்துக் காய்ந்து பளபளப்பாக இருந்தாலோ, ராத்திரி முழுவதும் இரண்டே குவியல் கிடந்தாலோ, அன்றைக்குச் சவாரியை மறந்துவிடலாம்.

லத்திக்கு ஏன் இத்தனை மரியாதை என்று புரிய, வாயிலிருந்து வால் வரை ஒரு முறை போய் வர வேண்டும்.

குதிரை உமிழ்நீர் சுரப்பது மெல்லும்போது மட்டும்தான். ஒரு கிலோ உலர்புல்லை அது சுமார் 3,000 முறை மெல்லும். தானியத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். நாள் முழுக்க மேயும் குதிரைக்கு 35 லிட்டர் வரை உமிழ்நீர் ஊறும். மறுபுறம், இரைப்பையில் அமிலம் இரவு பகல் பாராமல் சுரந்துகொண்டே இருக்கிறது. தீனி இருக்கிறதா இல்லையா என்று அது கேட்பதில்லை. அமிலத்தைத் தணிப்பது உமிழ்நீர், உமிழ்நீரைத் தருவது மெல்லுதல். இரண்டு வேளை வயிறு நிறையத் தானியம் வைத்துவிட்டு நடுவில் பல மணி நேரம் வெறும் வாயோடு கட்டிப்போட்டால், இந்தக் கணக்கு குலைந்து இரைப்பையில் புண் வருகிறது. இரைப்பையின் மேல்பாதியில் அமிலத்தைத் தாங்கும் சளிப்படலம் இல்லை. வெறும் வயிற்றில் ஓட வைத்தால் கீழே கிடக்கும் அமிலம் தளும்பி அங்கே தெறிக்கும். சவாரிக்கு முன் கொஞ்சம் புல் போடச் சொல்வது அதனால்தான். அந்தப் புல் இரைப்பையில் பாய் விரித்ததுபோல மிதந்து, தளும்பலைத் தடுக்கிறது.

500 கிலோ எடையுள்ள பிராணிக்கு இரைப்பையின் கொள்ளளவு 8 முதல் 15 லிட்டர்தான். பித்தப்பை என்ற ஒன்றே கிடையாது. சேமித்து வைத்து வேளைக்கு எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு அந்த உடலில் இல்லை. பித்தநீரும் சொட்டிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, நாளில் 16 மணி நேரம் போல மேயும் வாழ்க்கைக்கு அமைந்த உடல் அது. வேளைக்கு உண்பது மனிதனின் வசதி. அதை நாம் குதிரையின் தலையில் கட்டிவிட்டோம்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. குதிரைக்கு வாந்தி வராது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் தசை வளையம் மிக வலுவானது. குழாய் நுழையும் கோணமும் சாய்வானது. இரைப்பை உப்ப உப்ப வாசல் இன்னும் இறுகும். ஆகவே குதிரை வாந்தியெடுப்பது குதிரைக்கொம்புதான். ஏப்பமும் வராது. உள்ளே போன எதற்கும் ஒரே வழி, பின்வழி. அந்த வழி அடைபட்டால் இரைப்பை உப்பி வெடித்துவிடவும் கூடும். மருத்துவர் வந்ததும் மூக்குத் துளை வழியாக நீண்ட குழாயை இரைப்பை வரை இறக்குவது, குதிரையால் எடுக்க முடியாத வாந்தியை அதற்குப் பதிலாகத் தாம் எடுத்துவிடத்தான்.

அடுத்து சுமார் 20 மீட்டர் நீளச் சிறுகுடல். அதைத் தாண்டினால்தான் உண்மையான சமையலறை வருகிறது. மாடு புல்லை முன்வயிற்றில் ஊறவைத்து அசைபோடுகிறது. குதிரை அதே வேலையைப் பின்குடலில் செய்கிறது. முதலில் ஒரு மீட்டர் நீளக் குருட்டுக்குடல். இதன் நுழைவாயில், வெளிவாயில் இரண்டும் மேல்பக்கமே இருக்கின்றன. பிறகு 80 லிட்டர் போலக் கொள்ளும் பெருங்குடல். இங்கே கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் ஒரு செல் உயிரிகளும் செல்லுலோஸை நொதிக்க வைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. புல் தின்னும் குதிரை ஓடுவது பெரும்பாலும் இந்த அமிலங்களின் பலத்தில்தான். ஆக, லாயத்தில் நாம் தீனி போடுவது குதிரைக்கு மட்டுமல்ல, அதன் குடலில் குடியிருக்கும் ஊருக்கும் சேர்த்துத்தான்.

இந்தச் சமையலறையைக் கட்டிய விதத்தில்தான் கோளாறு. பெருங்குடல் மடிந்து திரும்பும் ஒரு வளைவில் குழாய் சட்டென்று ஒடுங்குகிறது. தண்ணீர் குறைவாகக் குடித்த குதிரைக்கு உலர்ந்த தீனி அடைத்துக்கொள்ளும் இடம் அதுவே. குளிர்காலத்தில் அடைப்பு கூடுவதற்குக் காரணம், சில்லென்ற தண்ணீரைக் குதிரை கொஞ்சமாகக் குடிப்பது. நாளொன்றுக்கு 25 முதல் 50 லிட்டர் தேவைப்படும் பிராணிக்கு வாளியை வெதுவெதுப்பாக்கிக் கொடுப்பது நல்ல மருத்துவம். இது போதாதென்று, பெருங்குடலின் பெரும்பகுதி வயிற்றுச் சுவரோடு கட்டப்படாமல் சும்மா கிடக்கிறது. வாயு நிறைந்தால் மிதந்து இடம் மாறும். சில நேரம் முறுக்கிக்கொள்ளும். முறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். அதற்கு அறுவை சிகிச்சை ஒன்றே வழி.

தானியத்தால் வரும் ஆபத்து வேறு வகை. சிறுகுடல் செரிக்கக்கூடிய அளவுக்கு மேல் மாவுச்சத்து வந்தால், மிச்சம் பின்குடலுக்கு வழிகிறது. அங்கே லாக்டிக் அமிலம் பெருகி, புல்லைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் மடிந்து, அவற்றின் நச்சுகள் ரத்தத்தில் கலக்கின்றன. பிறகு நடப்பது வியப்பானது: வயிற்றில் பிறந்த கேடு குளம்பில் வெளிப்படுகிறது. குளம்புச் சுவரையும் உள்ளெலும்பையும் கோத்துப் பிடித்திருக்கும் மெல்லிய அடுக்குகள் வீங்கிப் பிரிகின்றன. குதிரை எடையைப் பின்னங்காலில் சாய்த்து நிற்கும். குளம்பு சூடாக இருக்கும். குளம்புக்குச் சற்று மேலே, காலின் பின்பக்கம் விரல் வைத்தால் நாடி துள்ளும். இரவில் தீனி அறைக்குள் புகுந்து மூட்டையைக் காலி செய்துவிட்ட குதிரை காலையில் உற்சாகமாக நின்றாலும் மருத்துவரை அழைக்க வேண்டும். நொண்டத் தொடங்கிய பிறகு அழைத்தால் பாதி நேரம் போயிருக்கும். தீனியை மாற்றுவதாக இருந்தால் 10 நாட்களாவது எடுத்துக்கொண்டு, சிறிது சிறிதாக மாற்றுவது நல்லது. உள்ளே இருக்கும் ஊருக்கு ஆட்கள் மாற அவகாசம் வேண்டும்.

பல்லையும் புழுவையும் சொல்லாமல் விட முடியாது. குதிரையின் பல் ஆண்டுக்கு 2, 3 மில்லிமீட்டர் வெளியே வந்து தேய்ந்துகொண்டே இருக்கும்; சரியாகத் தேயாத விளிம்புகள் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். ஆண்டுக்கு ஒரு முறையாவது அரம் போட்டுச் சமன் செய்யவேண்டும். புழு மருந்தை நாட்காட்டி பார்த்துக் கொடுக்கும் பழக்கம் மருந்துக்கு மசியாத புழுக்களைத்தான் வளர்த்திருக்கிறது. லத்தியில் முட்டைகளை எண்ணிப் பார்த்துக் கொடுப்பதே இன்றைய முறை.

வயிற்று வலி வந்த குதிரை தீனியை ஒதுக்கும். திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கும். முன்னங்காலால் தரையைக் கிளறும், வயிற்றை உதைக்கும், மேலுதட்டைச் சுருட்டும், படுத்து எழுந்து மறுபடி படுத்துப் புரளும். மருத்துவரை அழைத்துவிட்டு, அவர் வருவதற்குள் சில எண்களைக் குறித்து வைக்கலாம். தாடை எலும்பின் கீழ்விளிம்பில் நாடி பார்த்தால், ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் நிலைமை மோசம். மூச்சு 8 முதல் 16. உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். பல் ஈறுகளை விரலால் அழுத்தி எடுத்தால் 2 விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். விலாவில் காது வைத்தால் குடலின் இரைச்சல் கேட்கும். அந்த இரைச்சல் நல்லது. அமைதிதான் பயமுறுத்த வேண்டியது.

இந்த நேரத்தில் வீட்டு வைத்தியம் வேண்டாம். புட்டியால் எண்ணெயை வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்விடக் கூடும். கையில் இருக்கும் வலி மருந்தைத் தாமாகக் கொடுத்தால் வலி மறையும். முறுக்கும் கூடவே மறைந்துகொள்ளும், மருத்துவர் கண்ணுக்குத் தெரியாமல். புரண்டுகொண்டிருந்த குதிரை திடீரென்று அடங்கி, வியர்த்துக் குளிர்ந்து நின்றால் நிம்மதி அடையக் கூடாது. உள்ளே ஏதோ கிழிந்தபோதும் வலி அப்படித்தான் நிற்கும்.

சாதாரண அடைப்பாக இருந்தால் மருத்துவர் குழாய் வழியே தண்ணீரும் உப்பும், சில நேரம் பாரஃபின் எண்ணெயும் ஊற்றிவிட்டுப் போவார். பிறகு எல்லோரும் வாலைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டியதுதான். முதலில் விழும் உருண்டைகளை நம்ப முடியாது. அடைப்பைத் தாண்டி ஏற்கெனவே கிடந்தவையாக இருக்கலாம். மறுநாள் வாலடியில் எண்ணெய்ப் பிசுக்கு தென்பட்டால் வழி கொஞ்சமாவது திறந்திருக்கிறது என்று பொருள். அதற்குப் பின்னால் மெத்தென்று, ஈரத்தோடு ஒரு குவியல் விழுந்தால், ஒரு கைப்பிடிப் புல்லை நனைத்து முன்னால் வைக்கலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம்.