மழைக்கு வழிவிடும் சாலை

2007 மே 14, பிற்பகல் மூன்று மணி. கோலாலம்பூரின் ஸ்மார்ட் சுரங்கப்பாதையில் முதன்முறையாக வாகனங்கள் ஓடின. சிரம்பான் பக்கமிருந்து நகருக்குள் வருபவர்களுக்கு ஜேமில் சிக்காத புது வழி கிடைத்த நாள் அது. ஆனால் சுரங்கம் அந்த ஆண்டு ஜனவரி இறுதியிலேயே வெள்ளநீரைக் கடத்தத் தயாராகிவிட்டது. அதை வெட்டியதே மழைக்காகத்தான்.

மஸ்ஜித் ஜாமெக் அருகே கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுகின்றன. மஸ்ஜித் இந்தியா சாலையில் கடை வைத்திருப்பவர்களிடம் கேட்டால், மாலை மழை எப்படிக் கொட்டும் என்று சொல்வார்கள். சிமெண்டும் தாருமாக மூடிக் கிடக்கும் நகரத்தில் தண்ணீர் மண்ணில் இறங்குவதில்லை. மொத்தமாக ஆற்றுக்கு ஓடுகிறது. 2003 ஜூன் 10 அன்று நகரின் நடுப்பகுதியே மூழ்கியது. ஆற்றை அகலப்படுத்தலாம் என்றால், இரு கரையிலும் கட்டடங்கள்.

அதனால் தண்ணீரை நகருக்குள் வருமுன்பே மடக்குகிறார்கள். கிள்ளான் ஆறும் அம்பாங் ஆறும் சேருமிடத்தில் அதை ஒரு குளத்துக்குத் திருப்பி, 9.7 கிலோமீட்டர் சுரங்கத்தின் வழியே தாமான் டேசா குளத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து அது கெராயோங் ஆற்றில் இறங்குகிறது. நுழையும் இடம் வெளியேறும் இடத்தைவிட உயரம் என்பதால் தண்ணீரின் எடையே அதைத் தள்ளிவிடும். கடைசியில் தேங்குவதைப் பம்பு வைத்து இறைப்பார்கள்.

சுரங்கத்தின் நடுவில் சுமார் மூன்று கிலோமீட்டர் நீளம்தான் சாலை. அந்தப் பகுதியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூன்றடுக்குத் தூக்குச்சட்டி மாதிரி இருக்கும்: மேலே இரண்டு தட்டில் திசைக்கு ஒன்றாகச் சாலை, அடித்தட்டில் தண்ணீர். ஆற்றில் விநாடிக்கு 70 கன மீட்டருக்கு மேல் நீர் வந்தால் அடித்தட்டைத் திறப்பார்கள். மேலே கார்கள் ஓடிக்கொண்டே இருக்கும். காலடியில் வெள்ளம் போவது ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. எனக்கு இதில் மிகப் பிடித்தது இந்த ஏற்பாடுதான்.

நீர்வரத்து 150ஐத் தாண்டினால் சாலையை மூடி, உள்ளே ஒரு வண்டிகூட இல்லை என்று உறுதி செய்துகொள்கிறார்கள். மழை அதன் பிறகும் விடாவிட்டால் கனத்த இரும்புக் கதவுகள் திறக்கும். கார் ஓடிய இரண்டு தளமும் வாய்க்காலாகிவிடும். வெள்ளம் வடிந்ததும் சேற்றைக் கழுவி, சோதித்த பிறகே மறுபடி வாகனங்களை விடுவார்கள்.

உள்விட்டம் 11.8 மீட்டர் என்று கணக்குப் போட்டால் சுரங்கம் மட்டுமே பத்து லட்சம் கன மீட்டர் தண்ணீர் பிடிக்கும். குளங்களையும் சேர்த்தால் முப்பது லட்சம். விநாடிக்கு 150 கன மீட்டர் வீதம் உள்ளே வந்தாலும் அது நிறைய ஐந்தரை மணி நேரம் பிடிக்கும். நம்மூர் மாலை மழை பெரும்பாலும் அதற்குள் ஓய்ந்துவிடும்.

பிறகும் ஏன் சில சாலைகளில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது என்று பலர் கேட்கிறார்கள். இந்தச் சுரங்கம் காப்பது கிள்ளான் ஆறு நகரத்துக்குள் கொண்டுவரும் வெள்ளத்திலிருந்து மட்டுமே. தெருவோரக் கால்வாய் அடைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீர் ஆற்றுக்கே போய்ச் சேராது. அந்தக் கால்வாயைத் தூர்வாருவது தனி வேலை.